இங்கே இல்லை

நம் வீட்டு வாசலில் முன்பின் தெரியாத ஒருவன் குனிந்து செடியைக் கிளறிக்கொண்டிருந்தால் என்ன கேட்போம்? 'யாருய்யா அது?' என்போம். குரலில் காரம் இருக்கும். அந்த அமெரிக்கப் பாட்டி அப்படிக் கேட்கவில்லை. கையில் காபிக் கோப்பையோடு கதவைத் திறந்துகொண்டு வந்தார். 'அது இங்கே இல்லை' என்றார். இதே வாக்கியத்தைப் பலநூறு முறை சொல்லி அலுத்துப்போனவரின் குரல்.

2019 கோடையில் நடந்தது இது. ஆரிகன் மாநிலத்தில், போர்ட்லாண்டுக்குப் பக்கத்தில் என் அக்கா மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். பையனுக்கு ஜியோகேஷிங் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னையும் காரில் ஏற்றிக்கொண்டான். போன் திரையில் ஒரு நீல நிறக் கேள்விக்குறி. அது காட்டிய இடத்துக்குப் போய் இறங்கினோம். அழகான சின்ன வீடு, முன்னால் பூச்செடிகள். 'இங்கதான் மாமா இருக்கணும்' என்று அவன் ஒரு பக்கம் தேட, நான் ஒரு பக்கம் தேட, பாட்டி வந்துவிட்டார்.

தலையைக் குனிந்தபடி திரும்பும்போதுதான் தபால் பெட்டிக்குப் பக்கத்தில் நட்டிருந்த பலகையைப் பார்த்தேன். 'டப்பா இங்கே இல்லை. செடிகளை மிதிக்காதீர்கள்' என்று கையால் எழுதியிருந்தது. போனையே பார்த்துக்கொண்டு வந்ததில் இரண்டு பேருமே அதைக் கவனிக்கவில்லை.

ஆட்டம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். ஒரு டப்பாவை எங்காவது ஒளித்துவைத்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இன்டர்நெட்டில் போட்டுவிடுவார்கள். ஜிபிஎஸ் வைத்திருக்கிற யார் வேண்டுமானாலும் தேடிப் போகலாம். கண்டுபிடித்தால் உள்ளே இருக்கும் சின்ன நோட்டில் பெயர் எழுதிவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வரவேண்டும். பரிசா? அதெல்லாம் கிடையாது. தேடியதே பரிசு.

இதன் பூர்வீகம் சுவாரசியமானது. 2000-ம் ஆண்டு மே மாதம் வரைக்கும், பொதுமக்களின் ஜிபிஎஸ் கருவிகளுக்கு வரும் சிக்னலில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழை கலந்து அனுப்பிக்கொண்டிருந்தது. பாதுகாப்புக் காரணம். கருவி காட்டும் இடத்துக்கும் நிஜ இடத்துக்கும் நூறு மீட்டர் வரை வித்தியாசம் வரும். மே 1-ம் தேதி, இனி அந்தக் கலப்படம் கிடையாது என்று அதிபர் கிளிண்டன் அறிவித்தார். மே 3-ம் தேதி டேவ் உல்மர் என்பவர் ஆரிகனில் பீவர்க்ரீக் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு பக்கெட்டை ஒளித்துவைத்தார். உள்ளே புத்தகம், வீடியோ, ஒரு கவண், ஒரு டின் பீன்ஸ். வடக்கே 45 டிகிரி 17.460 நிமிடம், மேற்கே 122 டிகிரி 24.800 நிமிடம் என்று வெளியிட்டார். சில நாளில் கண்டுபிடித்துவிட்டார்கள். செப்டம்பரில் இதற்கென்று ஒரு வெப்சைட்டே வந்துவிட்டது.

அன்று காலை நாங்கள் முதலில் அங்கேதான் போனோம். இப்போது அங்கே ஒரு நினைவுத் தகடு இருக்கிறது. எண் சொன்ன இடமும் தகடு இருக்கிற இடமும் ஒன்று. சத்தியமான எண்.

பிரச்னை அதற்கப்புறம் வந்தது. நேராகப் போய் எடுப்பது சிலருக்கு போரடித்துவிட்டது. புதிர் போட ஆரம்பித்தார்கள். குறுக்கெழுத்து, சங்கேதம், கணக்கு, ஏதோ ஒன்று. அதை விடுவித்தால்தான் டப்பா இருக்கும் இடத்தின் நிஜ எண்கள் கிடைக்கும். மிஸ்டரி கேஷ் என்று பெயர். ஆனால் வரைபடத்தில் கேள்விக்குறியை எங்காவது நிறுத்தியாக வேண்டுமே! அதற்காகப் புதிர் போடுகிறவர் ஒரு பொய்யான இடத்தைத் தேர்ந்தெடுத்து வெளியிடுவார். அந்தப் பொய்ப் புள்ளிக்குத்தான் நாங்கள் போயிருக்கிறோம்.

நூறு மீட்டர் பொய் சொல்வதை அரசாங்கம் நிறுத்தியதால் பிறந்த விளையாட்டு. அதில் ஆட்டக்காரர்கள் மூன்று கிலோமீட்டர் பொய் சொல்கிறார்கள்.

பொய் சொல்லட்டும். புதிர் என்றால் கொஞ்சம் ஏமாற்றத்தான் வேண்டும். என் கேள்வி வேறு. அந்தப் பொய்யை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்?

காரில் திரும்பும்போது அக்கா மகனிடம் கேட்டேன். 'அதெல்லாம் சும்மா மாமா. எதாவது ஒரு இடம். மேப்ல கண்ணை மூடிக்கிட்டு கூட வெக்கலாம்' என்றான். பிறகு அந்தப் புதிரின் பக்கத்தைத் திறந்து படித்துவிட்டு அசடு வழிந்தான். 'முதல் வரியிலயே போட்டிருக்கான் மாமா, டப்பா இந்த இடத்துல இல்லன்னு. நாமதான் படிக்காம வந்துட்டோம்.'

ஆக, சட்டப்படி புதிர் போட்டவர் மீது குற்றமில்லை. விளம்பரத்தின் கீழே எறும்பு எழுத்தில் 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது' என்று போடுகிறார்களே, அந்த மாதிரி. படிக்காமல் போனது எங்கள் தப்பு. தண்டனையும் எங்களுக்குக் கிடைத்திருந்தால் நியாயம். கிடைத்தது பாட்டிக்கு. அவர் இந்த ஆட்டத்திலேயே இல்லை. விதிகளைப் படிக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காபி குடித்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

நான் படித்தது பி.காம். டிரயல் பேலன்ஸ் போடும்போது பற்றும் வரவும் இடித்தால், அந்த வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்ட் என்ற தலைப்பில் தற்காலிகமாக நிறுத்திவைப்போம். அது கள்ளக் கணக்கு இல்லை. 'இந்தத் தொகை உண்மையில் வேறெங்கோ போய்ச் சேரவேண்டியது, இடம் தெரியும்வரை இங்கே இருக்கட்டும்' என்று வெளிப்படையாக ஒப்புக்கொள்கிற கணக்கு. ஆனால் அதற்கும் ஒரு ஒழுங்கு உண்டு. வித்தியாசத்தை சஸ்பென்ஸில்தான் போடலாம். சும்மா இருக்கிற ராமசாமியின் கணக்கில் பற்று எழுதிவிட்டு, 'இது சும்மா மாமா' என்று சொல்ல முடியாது. ராமசாமி வீட்டுக்கு வசூலுக்கு ஆள் வந்துவிடுவான்.

புதிர் டப்பாவின் பொய்ப் புள்ளி ஒரு சஸ்பென்ஸ் அக்கவுண்ட். பல பேர் அதை ராமசாமி கணக்கில் எழுதுகிறார்கள்.

முதலில், இந்தப் பொய்ப் புள்ளி அப்படியொன்றும் சும்மா இல்லை. இதற்கு ஒரு பொதுவான விதி வைத்திருக்கிறார்கள். பொய் இடத்துக்கும் நிஜ இடத்துக்கும் நடுவே 2 மைலுக்கு மேல் போகக் கூடாது. அதாவது சுமார் 3.2 கிலோமீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு டிகிரிக்கு 60 நிமிடம். அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது 1,852 மீட்டர். அப்படியானால் நிஜ இடம், வெளியிட்ட எண்ணிலிருந்து வடக்கிலோ தெற்கிலோ ஒன்றே முக்கால் நிமிடத்துக்குள் இருந்தாக வேண்டும். டிகிரி அநேகமாக அதேதான். நிமிடமும் கிட்டத்தட்டத் தெரிந்துவிடும். உலகம் முழுக்க இருந்த சந்தேகம் 32 சதுர கிலோமீட்டர் வட்டத்துக்குள் வந்துவிட்டது. புதிரின் முதல் துப்பை, அதுவும் ரொம்பப் பெரிய துப்பை, அந்தப் பொய் எண்தான் தருகிறது.

நாவலுக்கு முதல் வரி எப்படியோ அப்படி இது. அதைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறவனை நான் எழுத்தாளன் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அந்தப் பயணத்தில் அக்கா மகன் புண்ணியத்தில் முப்பது நாற்பது கேள்விக்குறிகளைத் திரையில் பெரிதுபடுத்திப் பார்த்தேன். ஊருக்கு வந்தும் அந்தப் பழக்கம் விடவில்லை. பார்த்தவரை இவர்களைச் சில ஜாதிகளாகப் பிரிக்கலாம்.

முதல் ஜாதி, பூஜ்ஜியக்காரர்கள். நிமிடத்துக்கு அப்புறம் மூன்று தசமம் எழுத இடம் இருந்தும் .000, .000 என்று போட்டுவிடுவார்கள். பார்க்க லட்சணமாக இருக்கும். அந்த எண் எங்கே போய் விழுகிறது என்று பார்த்திருக்க மாட்டார்கள். ரயில் தண்டவாளத்தில் விழலாம். ஒருவரின் சமையலறையிலும் விழலாம்.

இரண்டாவது, ஓவியர்கள். பத்து இருபது புதிர்களை மொத்தமாகப் போட்டு, கேள்விக்குறிகளெல்லாம் சேர்ந்து வரைபடத்தில் ஒரு நட்சத்திரமாகவோ பூனையாகவோ தெரியும்படி புள்ளிகளை அடுக்குவார்கள். ஜியோ ஆர்ட்டாம். பாலைவனத்தில் வரையலாம், தப்பில்லை. ஜனங்கள் வசிக்கிற இடத்தில் வரைந்தால் பூனையின் வால் ஒருவரின் கொல்லைப்புறத்துக்குள் போய்விடும். மேலேயிருந்து பார்க்கிற ரசனை இது. கீழே நிற்கிறவனுக்குப் பூனை தெரியாது. வேலிதான் தெரியும்.

மூன்றாவது, ஏரிக்காரர்கள். புள்ளியை நடுத்தண்ணீரில் வைத்துவிடுவார்கள். இவர்களை எனக்குப் பிடிக்கும். பார்த்த மாத்திரத்தில் பொய் என்று தெரிகிற பொய், நாகரிகமான பொய். ஆனால் இதிலும் ஊரைப் பார்க்க வேண்டும். மினசோட்டாவில் ஜனவரி மாதத்தில் ஏரி என்பது ஒரு மைதானம். ஜனங்கள் அதன் மேல் நடக்கிறார்கள். யாராவது ஒரு அப்பாவி போனைப் பார்த்தபடி மெல்லிய பனியில் கால் வைத்தால் நாகரிகம் போய்விடும்.

நான்காவது, பயந்தாங்கொள்ளிகள். நிஜ இடத்துக்கு ஐம்பது அறுபது மீட்டரில் பொய்யை வைப்பவர்கள். அந்தப் பக்கம் பார்த்தால் ஒரே ஒரு மரம் இருக்கும். புதிரை யார் போடுவார்கள்? நேரே மரத்துக்குப் போய்ப் பொந்தில் கைவிட்டு எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். பொய் சொல்வதென்று முடிவு செய்த பிறகு இவ்வளவு சங்கோஜம் ஆகாது.

'ஒரு பொழுதுபோக்குக்கு ஏன் சார் இத்தனை ஆராய்ச்சி?' என்று கேட்கலாம். கான்சஸ் கதையைச் சொன்னால் கேட்க மாட்டீர்கள்.

இது விளையாட்டு இல்லை, வியாபாரம். இன்டர்நெட்டில் ஒரு ஐபி முகவரியைக் கொடுத்தால் அது எந்த ஊரில் இருக்கிறது என்று சொல்லும் நிறுவனங்களில் ஒன்று மேக்ஸ்மைண்ட். சில முகவரிகளுக்கு ஊர் தெரியாது, 'அமெரிக்கா' என்பது மட்டும்தான் தெரியும். அப்போது என்ன காட்டுவது? நாட்டின் மையத்தைக் காட்டலாம் என்று 2002-ல் முடிவு செய்தார்கள். மையத்தின் எண் நீளமான தசமமாக இருந்தது. அழகாக இருக்கட்டும் என்று வடக்கே 38, மேற்கே 97 என்று முழு எண்ணாக ஆக்கிக்கொண்டார்கள். நம் பூஜ்ஜியக்காரர்கள்தான்.

38-ம் 97-ம் சந்திக்கும் இடத்தில் ஒரு பண்ணை வீடு இருந்தது. கான்சஸ் மாநிலத்தில் பாட்வின் என்கிற சின்ன ஊரை ஒட்டி. ஒரு முதிய பெண்மணிக்குச் சொந்தமானது. எங்கே என்று தெரியாத 60 கோடிக்கும் மேற்பட்ட முகவரிகள் அந்த வீட்டு வாசலைக் காட்டின. மோசடி மெயில் அனுப்பியவனைத் தேடி ஜனங்கள் வந்தார்கள். போலீஸ் வந்தது, எஃப்பிஐ வந்தது, வருமான வரிக்காரர்கள் வந்தார்கள், யாரோ தற்கொலைக்கு முயல்கிறார் என்று ஆம்புலன்ஸ் வந்தது. குடியிருந்தவர்களுக்குக் காரணமே புரியவில்லை. கடைசியில் அந்தப் பகுதி ஷெரீஃப், பண்ணைக்குப் போகும் பாதையின் முனையில் ஒரு பலகை வைத்தார். வீட்டுப் பக்கம் போகாதே, கேள்வி இருந்தால் என்னைக் கேள் என்று.

2016-ல் காஷ்மீர் ஹில் என்ற பத்திரிகையாளர் இந்த விஷயத்தைத் தோண்டி எடுத்து எழுதியபிறகுதான், ஒரு எண்ணை முழுசாக்கியதால் வந்த வினை இது என்று உலகத்துக்குத் தெரிந்தது. நிறுவனம் அந்தப் புள்ளியை மாற்றியது. எங்கே தெரியுமா? ஓர் ஏரியின் நடுவில். பதினான்கு வருடம் கழித்து ஏரிக்காரர்கள் கட்சியில் சேர்ந்தார்கள்.

சரி, பொய்ப் புள்ளியே வேண்டாம், எந்த இடத்தையும் சொல்லாமல் விட்டுவிட்டால்? அதையும் ஒருவர் செய்து பார்த்துவிட்டார். கிட் வில்லியம்ஸ் என்கிற ஆங்கில ஓவியர். 1979-ல் 'மாஸ்கரேட்' என்று ஒரு படப் புத்தகம் வெளியிட்டார். தங்கத்தில் ஒரு முயல் செய்து, பிரிட்டனில் எங்கோ புதைத்துவிட்டு, இடத்தைப் புத்தகத்தின் 15 ஓவியங்களில் மறைத்துவைத்தார். எங்கோ என்றால், நாடு முழுக்க. இரண்டு மைல் வட்டமெல்லாம் கிடையாது.

விளைவு? ஆளாளுக்கு ஒரு விடை, ஆளாளுக்கு ஒரு கடப்பாரை. முயல் இருந்தது பெட்ஃபோர்ட்ஷயரில் ஆம்ப்ட்ஹில் பூங்காவில். கூட்டம் போனது வேறு பல இடங்களுக்கு. அதில் ஒன்று ஹேர்ஸ்ஃபீல்ட் பீக்கன் என்கிற குன்று. ஆங்கிலத்தில் 'ஹேர்' என்றால் முயல். பெயரிலேயே முயல் இருக்கிறதே என்று கிளம்பிவிட்டார்கள். முயல் இங்கே இல்லை என்று ஒரு அறிவிப்புப் பலகை வைக்க வேண்டியதாயிற்று. பலகைக்கான செலவை கிட் வில்லியம்ஸே கொடுத்தார். அந்த ஒரு காரியத்துக்காக அவர்மேல் எனக்கு மரியாதை. ஆனால் ஆரம்பத்திலேயே ஒரு வேலி போட்டிருந்தால் பலகை தேவைப்பட்டிருக்காது. ஓவியங்கள் அபாரம். புதிராக அது தோல்வி. வாசகனை எங்கே நிறுத்துவது என்று யோசிக்காத புதிர்.

மூன்று பலகைகள் ஆயிற்று. பாட்டியின் பலகை, ஷெரீஃபின் பலகை, குன்றின் பலகை. மூன்றிலும் சாராம்சம் ஒன்றுதான். நீ தேடுவது இங்கே இல்லை. இதில் நான் படித்துக்கொண்ட விஷயம், பொய்யான இடம் என்று உலகத்தில் ஒன்று கிடையாது என்பதே. எண் பொய்யாக இருக்கலாம். அந்த எண் சுட்டுகிற மண் நிஜம். அங்கே ஒரு வீடோ, ஒரு தோட்டமோ, தூங்குகிற குழந்தையோ இருக்கும்.

நல்லதையும் சொல்ல வேண்டும். அதே பயணத்தில் கடைசி நாள் இன்னொரு புதிருக்குப் போனோம். இந்தத் தடவையும் படிக்காமல்தான் போனோம். புத்தி வந்தால் நாங்கள் ஏன் இப்படி இருக்கிறோம்? கேள்விக்குறி ஒரு பொது நூலகத்தின் வாசலில் கொண்டுபோய் விட்டது. அங்கே நின்றுகொண்டு புதிரைப் படித்தோம். இரண்டு புத்தகங்களைப் பற்றிய வர்ணனை. ஒன்று சூரிய மண்டலம் பற்றி, இன்னொன்று சமையல். 'டிகிரியும் நிமிடமும் நீங்கள் நிற்கிற இடத்திலேயே இருக்கின்றன. மிச்சம் உள்ளே இருக்கிறது' என்று ஒரு வரி.

உள்ளே போனோம். நூலகங்களில் டியூயி என்பவர் கண்டுபிடித்த முறைப்படி ஒவ்வொரு துறைக்கும் ஒரு எண் உண்டு. கிரகங்களுக்கு 523. சாப்பாட்டுக்கு 641. அலமாரியில் ஒட்டியிருந்தது. அந்த மூன்று மூன்று இலக்கங்களை நிமிடத்துக்குப் பின்னால் போட்டால் வேலை முடிந்தது. வீட்டிலிருந்து கணக்குப் போட்டால் பத்து லட்சம் சாத்தியங்கள். பொய்ப் புள்ளியில் நின்று கண்ணைத் திறந்தால் ஒரே விடை. சற்றுத் தொலைவில் ஒரு பூங்காவில், பெஞ்சுக்கு அடியில் இருந்தது டப்பா.

நினைத்துப் பாருங்கள். புதிரைப் படித்துவிட்டு வருகிறவனுக்கு அந்தப் புள்ளி ஒரு துப்பு. என்னைப் போல் படிக்காமல் வருகிற மடையனுக்கு அது ஒரு நூலகம். கார் நிறுத்த இடம் உண்டு, உட்கார நாற்காலி உண்டு, யாரும் 'இங்கே இல்லை' என்று வந்து சொல்ல வேண்டியதில்லை. தவறாக வந்தவனையும் வெறுங்கையோடு அனுப்பாத பொய். என்னைக் கேட்டால் இதுதான் புதிர்க் கலை. சங்கேதத்தின் சிக்கலை யார் வேண்டுமானாலும் கூட்டிவிடலாம். ஏமாறுகிறவன் எங்கே போய் நிற்பான் என்று யோசிக்க வேறு ஒரு மனசு வேண்டும்.

புதிர் போடுகிறவர்கள் நிஜ இடத்துக்குப் பல தடவை போவார்கள். டப்பா நனையுமா, நாய் இழுத்துப்போகுமா என்று பார்ப்பார்கள். பொய் இடத்துக்கு எத்தனை பேர் ஒரு தடவையாவது போயிருப்பார்கள்? எனக்கு ஒரு புதிர் நல்லதா கெட்டதா என்று சொல்ல இந்த ஒரு கேள்வி போதும்.

போன மாதம் அக்கா மகன் போன் பண்ணினான். முதல் முறையாக அவனே ஒரு மிஸ்டரி கேஷ் தயார் செய்திருக்கிறானாம். சங்கேதம் எப்படி, எத்தனை அடுக்கு என்று அரைமணி நேரம் பேசினான். எனக்குப் பாதி புரியவில்லை. கடைசியில், 'பொய்ப் புள்ளி எங்கடா வெச்சே?' என்று மட்டும் கேட்டேன்.

'ஆத்தங்கரை ஓரமா மாமா. நேர்ல போய்ப் பாத்துட்டு வந்தேன். பக்கத்துல வீடு எதுவும் இல்ல' என்றான். கொஞ்சம் யோசித்துவிட்டு, 'ஒரு பெஞ்ச் இருக்கு. சாயங்காலத்துல நல்லா காத்து வருது' என்றான்.

மீதிப் புதிர் எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்று சொல்லிவிட்டேன்.